உங்களுக்குத் தெரியுமா? – சிலுவையும் வாக்குச்சீட்டும்

தேர்தல் நெருங்கினால் பிஷப் இல்லத்து வாசலில் வேட்பாளர்களின் கார்கள் வரிசை கட்டும். "கிறிஸ்தவ ஓட்டு யாருக்கு?" என்று டிவியில் நாலு பேர் கத்துவார்கள். 2011 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் கிறிஸ்தவர்கள் 2.3 சதவீதம், தமிழ்நாட்டில் 6.12. இந்தச் சிறிய கூட்டத்திலிருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர்களில் இன்றும் பேசப்படுகிறவர்கள், சொந்த ஜனத்தின் ஓட்டை எண்ணிப் பார்த்து வந்தவர்கள் அல்ல. சபைக்கு வெளியே போய் வேலை பார்த்தவர்கள். சில நேரம் சபையோடே மல்லுக்கு நின்றவர்களும் உண்டு. சறுக்கியவர்களும் இருக்கிறார்கள், அவர்களையும் விட்டுவிடப் போவதில்லை.

● மதுரைக்கு மேற்கே, பிறமலைக் கள்ளர் ஊர்களில் பழைய தலைமுறையினர் யாருக்காவது 'ரோசாப்பூ' என்று பெயர் இருந்தால், அது பூவை நினைத்து வைத்த பெயர் அல்ல. ஜார்ஜ் ஜோசப் என்ற மலையாளக் கிறிஸ்தவ பாரிஸ்டரை நினைத்து வைத்தது.

செங்கன்னூரில் 1887-இல் பிறந்தவர் ஜோசப். எடின்பரோவிலும் லண்டனிலும் படித்துவிட்டு மதுரைக்கு வக்கீலாக வந்து தங்கிவிட்டார். அந்தக் காலத்தில் பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதையுமே குற்றப் பரம்பரை என்று எழுதி வைத்திருந்தது வெள்ளைக்காரன் சட்டம். ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். ராத்திரியானால் போலீஸ் கண்ணெதிரில் படுக்க வேண்டும். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் மாண்டார்கள். இந்த மக்களுக்காகக் கோர்ட்டு ஏறி வாதாடியவர் ஜோசப். கிராமத்து வாயில் அவர் 'ரோசாப்பூ துரை' ஆனார். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-இல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை. 1938-இலேயே மதுரையில் காலமாகிவிட்டார்.

அவருடைய கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் மாதா கோயில் வாசலை மிதித்தவர்கள்கூட இல்லை.

● அதே ஜோசப் 1924-இல் வைக்கத்தில் போய் நின்றார். மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்பது அங்கே தடை. கிறிஸ்தவர் என்பதால் ஜோசப் தாராளமாக நடக்கலாம்! வழக்கின் கோணல் அப்படி. காந்தியோ ஏப்ரல் 6 தேதியிட்டுக் கடிதம் எழுதினார்: இது இந்துக்கள் தாங்களே செய்து முடிக்க வேண்டிய வேலை, நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள் என்று. ஜோசப் ஒதுங்கவில்லை, கைதானார். அடுத்த சில நாள்களில் ஈரோட்டிலிருந்து பெரியார் வைக்கம் வந்து சேர்ந்தார்.

காந்தியின் பேச்சில் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் பொதுத் தெருவில் நடக்கும் உரிமை எந்த மதத்தின் உள்விவகாரம் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

● 1930 தண்டி யாத்திரையில் காந்தியோடு சபர்மதியிலிருந்து புறப்பட்ட தொண்டர்களில் கிறிஸ்தவர் ஒரே ஒருவர்தான். மாராமண் ஊர்க்காரர், டைட்டஸ். ஆசிரமத்தின் பால்பண்ணையைப் பார்த்துக்கொண்டவர். காந்தி அவரை 'டைட்டஸ்ஜி' என்று அழைப்பார்.

● காங்கிரஸ் மாநாட்டில் பெண்கள் முதன்முதலில் பிரதிநிதிகளாக உட்கார்ந்தது 1889 பம்பாய் மாநாட்டில். அவர்களில் பண்டித ரமாபாயும் ஒருவர். சமஸ்கிருதப் புலமைக்காகப் பட்டம் பெற்ற பிராமண விதவை. இங்கிலாந்தில் ஞானஸ்நானம் வாங்கியவர். பின்னாளில் புனே அருகே கேட்காவில் விதவைகளுக்கும் அநாதைப் பெண்களுக்கும் 'முக்தி' இல்லம் நடத்தினார். மதம் மாறியதற்காக இந்துக்களும், திருச்சபைப் பெரியவர்கள் சொன்னபடி கேட்காததற்காகக் கிறிஸ்தவர்களும் அவரோடு சண்டை போட்டார்கள்.

● தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் யார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். ஜே.சி. குமரப்பா என்றால் தெரியும்.

லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் ஆடிட்டர் தொழில் செய்து, கோட்டும் சூட்டுமாக இருந்தவர். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசு நிதியைப் பற்றி ஆராயும்போது, இந்தியா ஏழையானது எப்படி என்ற கணக்கு அவர் கையிலேயே வந்து விழுந்தது. 1929-இல் காந்தியைச் சந்தித்தார். கோட்டு போயிற்று, கதர் வந்தது. குஜராத்தின் மாதர் தாலுகாவில் வீடுவீடாகப் போய் விவசாயியின் வரவு செலவை எழுதினார். 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தும் பொறுப்பு அவருக்கே வந்தது.

அவர் ஞாயிறு ஆராதனைக்குப் போய்விட்டு வந்து அரசியலைத் தனியாக வைத்துக்கொண்டவர் அல்ல. உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது, இந்திய ஆங்கிலிக்கன் சபையின் தலைமைப் பேராயர் வெஸ்ட்காட்டோடு நேருக்கு நேர் கடிதத்தில் மோதினார். இயேசுவின் பின்னால் போகிறேன் என்கிறவர் சாம்ராஜ்யத்தின் பக்கம் நிற்க முடியுமா என்பதுதான் அந்தச் சண்டையின் சாரம். சிறையில் இருக்கும்போது இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது, மற்றது இயேசுவின் போதனையும் நடைமுறையும் பற்றியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த மனிதர் பிடிபடுவார். நம் ஆட்கள் முதலாவதை இயற்கை விவசாயக் கூட்டங்களில் மேற்கோள் காட்டுவார்கள்; இரண்டாவதைக் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளிலேயே தேட வேண்டியிருக்கும்.

கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் இருந்தார். இறந்த நாள் 1960 ஜனவரி 30. காந்தி சுடப்பட்ட அதே தேதி.

● கல்கத்தா பிஷப்ஸ் கல்லூரியில் பாதிரிமார்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த எஸ்.கே. ஜார்ஜ், சட்டமறுப்பு இயக்கத்தை ஆதரித்ததால் 1932-இல் வேலையை விட்டார். இறையியல் கல்லூரிகளில் இது இன்றும் பாடமாக வைக்கத் தக்கது. வைக்க மாட்டார்கள்.

● கிறிஸ்தவர்களுக்குக் கிறிஸ்தவர்களே ஓட்டுப் போட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதி முறை நம் மாகாணத்தில் இருந்தது தெரியுமா? 1919 சீர்திருத்தத்தின்படி சென்னைச் சட்டமன்றத்தில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 5 இடங்கள்.

வேண்டாம் என்றவர்களும் கிறிஸ்தவர்கள்தான். சேலத்துக்காரரான கே.டி. பால், ஒய்.எம்.சி.ஏ.வின் அகில இந்தியப் பொதுச் செயலராக வந்த முதல் இந்தியர். லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். தனித்தொகுதி கிறிஸ்தவனை ஊரிலிருந்து பிரித்து வேலிக்குள் அடைத்துவிடும் என்பது அவர் கட்சி. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப்பான வி.எஸ். அசரியாவும் அதே பக்கம்.

எதிர்ப்பக்கத்தில் நின்றவரும் சாமானியர் அல்லர். நீதிக்கட்சித் தலைவர் ஏ.டி. பன்னீர்செல்வம். 1931-இல் இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் ஆகாகான், அம்பேத்கர் ஆகியோருடன் சிறுபான்மையினர் ஒப்பந்தத்தில் இந்தியக் கிறிஸ்தவர்கள் சார்பில் கையெழுத்துப் போட்டார். சிறுபான்மைக்குச் சட்டத்தில் இடம் எழுதிவைக்காவிட்டால் பெரும்பான்மையின் தயவில்தான் வாழ வேண்டும் என்ற அச்சம் வீண் அச்சமல்ல. 1940 மார்ச் 1 அன்று லண்டனுக்குப் புறப்பட்ட அவருடைய 'ஹனிபால்' விமானம் ஓமன் வளைகுடா மேலே காணாமல் போனது. திரும்பவில்லை.

● சுதந்திரத்துக்குப் பின் அந்த வழக்கு அரசியல் நிர்ணய சபைக்கு வந்தது. சபையின் துணைத் தலைவர் எச்.சி. முகர்ஜி, வங்காளக் கிறிஸ்தவர். சிறுபான்மையினர் துணைக்குழுவுக்கும் அவரே தலைவர். 1947-இல் மத்தியிலும் சென்னை, பம்பாய் மாகாணங்களிலும் கிறிஸ்தவர்களுக்கு இடஒதுக்கீடு என்றுதான் முதலில் முடிவானது. பிறகு அதை விட்டுவிடலாம் என்று முன்வந்தவர்களில் முகர்ஜி முக்கியமானவர். சென்னை லயோலா கல்லூரியின் சேசுசபைத் துறவி ஜெரோம் டிசோசா அங்கே உறுப்பினராக இருந்தார், அவரும் இசைந்தார். 1949 மே மாதம் அது முடிவானது. கேட்டு வாங்கியதைக் கைவிட்ட கூட்டம் என்று வல்லபபாய் படேல் மகிழ்ந்தார். பன்னீர்செல்வம் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பதும் தகும்.

● இடத்தை விட்டுக்கொடுத்தவர்கள் ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்: மதத்தைப் பரப்பும் உரிமை. அரசியல் சட்டத்தில் இன்று 25-ஆவது பிரிவாக இருப்பதன் மீது 1948 டிசம்பர் 6 அன்று நடந்த விவாதத்தில் அதற்குப் பரிந்து பேசியவர்களில் ஒருவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் சுமார் 14 ஆண்டுகள் படித்தவன் நான், என்னை மதம் மாற்ற ஒருவரும் முயன்றதில்லை என்று அவர் சாட்சி சொன்னார்.

● நாட்டின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌர், கபூர்தலா அரச குடும்பத்துக் கிறிஸ்தவர். காந்திக்குப் பல ஆண்டுகள் செயலராக இருந்தவர். டெல்லி எய்ம்ஸ் அவர் போட்ட விதை. சிம்லாவில் இருந்த தன் வீட்டையும் எய்ம்ஸ் ஊழியர்கள் ஓய்வெடுக்கக் கொடுத்துவிட்டார். காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியை அவர் நாடெங்கும் கொண்டுபோனபோது, ஆவேசமாக எதிர்த்துப் புத்தகமே எழுதியவர் ராஜாஜி! ஊசி மருந்து தயாரானதோ கிண்டியில்.

● மலைவாழ் மக்களுக்காக அரசியல் நிர்ணய சபையில் ஓங்கி ஒலித்த இரண்டு குரல்களும் கிறிஸ்தவக் குரல்கள். ஒருவர் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைவராகப் போன ஜெய்பால் சிங் முண்டா. இன்னொருவர் காசி மலையின் போதகர் ஜே.ஜே.எம். நிகோல்ஸ் ராய். வடகிழக்கு மலை மாவட்டங்களுக்குத் தன்னாட்சி மன்றங்கள் கொடுத்த ஆறாம் அட்டவணையில் ராயின் உழைப்பு நிறைய உண்டு.

● மார்த்தாண்டம் தேன் வாங்கியிருப்பீர்கள். அந்தத் தேனுக்குப் பின்னால் இருப்பது ஒய்.எம்.சி.ஏ. கே.டி. பால் ஊக்குவித்த கிராமப் புனரமைப்பு வேலையின் ஒரு கிளை மார்த்தாண்டத்தில் வேரூன்றியது. ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் 1920-களில் அங்கே தேனீப் பெட்டி வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார். பெட்டியோ திருச்சிப் பக்கம் நியூட்டன் பாதிரியார் நம் நாட்டுத் தேனீக்கு ஏற்றபடி வடிவமைத்தது. இன்றும் பெயர் நியூட்டன் பெட்டிதான். தேன் எடுத்தவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று தேனீ கேட்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ.வும் கேட்கவில்லை.

● நாடு இரண்டாகப் பிரிந்த ஆறே வாரத்தில் தென்னிந்தியாவில் சபைகள் ஒன்றாகச் சேர்ந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. பிறந்தது. பிஷப் வைத்துக்கொண்ட ஆங்கிலிக்கன்களும், பிஷப்பே வேண்டாம் என்ற சபைகளும் ஒரே குடைக்குள் வந்தது அதற்கு முன் உலகில் நடக்காத காரியம்.

● கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்குத் தலைமை தாங்கிய மார்ஷல் நேசமணி கிறிஸ்தவ வக்கீல். நாகர்கோவில் கோர்ட்டில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி என்று இருந்ததை அவர் முதல் நாளே உதைத்துத் தள்ளினார் என்று குமரிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அடுத்த வருஷமே, 1957-இல், குளச்சலில் ஜெயித்த லூர்தம்மாள் சைமன் காமராஜர் மந்திரிசபையில் அமைச்சர். உள்ளாட்சியும் மீன்வளமும் அவர் பொறுப்பு.

● கடல் தாண்டினால் தந்தை செல்வா. எஸ்.ஜே.வி. செல்வநாயகம் கிறிஸ்தவர்; அவரைப் பின்தொடர்ந்த ஈழத்தமிழர் பெரும்பாலும் சைவர். 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952-இல் காங்கேசன்துறையில் தோற்றார். அவர் மதத்தைச் சொல்லியும் பிரசாரம் நடந்தது. மதத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1956 முதல் அதே தொகுதி அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தது, 1975 இடைத்தேர்தல் வரை.

● இவ்வளவு படித்ததும் விசுவாசம் அரசியலுக்கு வந்தால் எப்போதும் எளியவன் பக்கம்தான் நிற்கும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கேரளம், 1959. நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அரசு கல்விச் சட்டம் கொண்டுவந்திருந்தது. தனியார் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளமும் நியமனமும் நிர்வாகியின் விருப்பத்துக்கு விடப்படக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. அந்தப் பள்ளிகளில் கணிசமானவற்றின் நிர்வாகி யார்? சபைதான். கத்தோலிக்க சபையும் நாயர் சேவா சங்கமும் கைகோத்துத் தெருவில் இறங்கின. ஜூன் 13 அன்று அங்கமாலியில் போலீஸ் சுட்டு 7 பேர் செத்தார்கள். ஜூலை 31-இல் மத்திய அரசு ஆட்சியைக் கலைத்தது. பள்ளி ஆசிரியரின் சம்பளக் கவரை விட நிர்வாக அதிகாரம் பெரிதாகப் போனது அந்த ஆண்டு.

கதை அங்கே முடியவில்லை. அந்தக் கிளர்ச்சியின் முன்னணிக் குரல்களில் ஒருவர் வடக்கன் பாதிரியார். இரண்டே ஆண்டில், இடுக்கி மலையிலிருந்து குடியேற்ற விவசாயிகள் வெளியேற்றப்பட்டபோது, அமராவதியில் உண்ணாவிரதம் இருந்த கம்யூனிஸ்ட் ஏ.கே. கோபாலனோடு அதே பாதிரியார் கைகோத்தார். 1967-இல் நம்பூதிரிபாட் மீண்டும் முதல்வரானபோது, வடக்கனின் விவசாயத் தொழிலாளர் கட்சி அந்த மந்திரிசபையிலேயே இருந்தது!

● மீனவர் சங்கத் தலைவராக அறியப்பட்ட தாமஸ் கோச்சேரியும் பாதிரியார்தான். இழுவைப் படகுகளால் கட்டுமரக்காரன் பிழைப்புக் கெட்டதை எதிர்த்து நின்றவர். பெரும் தொகையோடு வந்த அமெரிக்க விருதை, அதன் பின்னால் எண்ணெய்க் கம்பெனிப் பணம் இருக்கிறது என்று வாங்க மறுத்தார்.

● 1950-இல் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்றால் இந்துக்கள் மட்டும் என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரை. தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியே. சென்னை நடைபாதையில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒருவர், இந்துத் தொழிலாளிக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் வழக்கு தோற்றது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில், இவர்களையும் சேர்க்கும்படி தீர்மானம் போட்டு மத்திய அரசைக் கேட்டது.

டெல்லியைக் குறை சொல்வதற்கு முன் இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருச்சியில் ஒரு கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் நின்றது. செத்தவனுக்கும் தீட்டு. அந்தச் சுவரை டெல்லி கட்டவில்லை.

● 1964-இல் நாகாலாந்தில் நாகா கிளர்ச்சியாளர்களுக்கும் அரசுக்கும் இடையே போர் நிறுத்தம் வந்தது யாரால்? பாப்டிஸ்ட் சபை முன்னின்று அமைத்த சமாதானக் குழுவால். அதில் மூன்று பேர்: ஜெயப்பிரகாஷ் நாராயண், அசாம் முதல்வர் சாலிஹா, ஆங்கிலேயப் பாதிரியார் மைக்கேல் ஸ்காட். செப்டம்பர் 6 அன்று துப்பாக்கி ஓய்ந்தது.

● 2023 டிசம்பர் 3 அன்று ஐந்து மாநில வாக்கு எண்ணிக்கை என்று தேர்தல் ஆணையம் அறிவித்திருந்தது. மிசோரத்துக்கு மட்டும் அது 4-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. காரணம், 3-ஆம் தேதி ஞாயிறு. அங்கே 87 சதவீதம் கிறிஸ்தவர்கள். ஞாயிறு கோயில் நாள்.

அந்த மிசோரத்தில் சமையலுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு பிடி எடுத்துவைப்பது வீட்டு வழக்கம். நம்மூர்ப் பிடியரிசியேதான். அப்படிப் பிடிபிடியாகச் சேர்ந்ததில் அங்கே எத்தனையோ ஊழியங்கள் நடக்கின்றன.

தேர்தலிலும் சபையின் கை உண்டு. 2006-இல் பிரெஸ்பிட்டேரியன் சபை முன்னின்று மிசோரம் மக்கள் மன்றம் என்ற அமைப்பைத் தொடங்கியது. யாருக்கு ஓட்டுப் போடு என்று அது சொல்வதில்லை. கட்சிகளை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்குகிறது: வீடுவீடாகப் போய் ஓட்டுக் கேட்கக் கூடாது, விருந்து வைக்கக் கூடாது, பேனருக்கு அளவு உண்டு. எதிரெதிர் வேட்பாளர்கள் எல்லாரும் ஒரே மேடையில் ஏறி, மக்கள் முன் பேச வேண்டும். இதில் சபையின் கெடுபிடி அதிகம் என்று முணுமுணுப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் காசுக்கு ஓட்டு என்பது சாதாரணமாகிவிட்ட நாட்டில், செலவில்லாத தேர்தலை நடத்திக்காட்ட முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

நம் பக்கத்துத் திருமண்டலத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அணி, போஸ்டர், வேன், பிரியாணி, பிறகு கோர்ட்டு. சேகரக் கமிட்டியில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பெருமன்றத் தேர்தல் வரும்போது, மிசோரம் சபை கட்சிக்காரர்களுக்கு விதித்த அந்த நாலு விதிகளை உங்கள் அணிக்கு முதலில் வாசித்துக் காட்டுங்கள்.